ஜூனியர் மேசைக்கு வந்த போன்

மனோர் பார்க்கில் எங்கள் சின்ன ஆபீஸ், தமிழ்க் கடைகளில் பில் போடும் மெஷினுக்கு சொஃப்ட்வெயர் எழுதுகிறது.

இன்று காலை முதலாளி அண்ணை போர்டில் எழுதினார்: ஜூனியர் புரோகிராம் எழுதவேண்டும். சீனியர் அதைச் சரிபார்த்து, கடைக்காரர்களின் போனுக்கும் பதில் சொல்லவேண்டும்.

ஜூனியரான எனக்குப் பெரிய நிம்மதி. நான் பள்ளியை இடையில் விட்டதற்கே, வகுப்பில் எழுந்து பேசும் பயம்தான் பாதிக் காரணம். சாகும்வரை ஜூனியராகவே இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

மத்தியானம் போன் அடித்தது. சீனியர் குமரன் அண்ணை சாப்பிடப் போயிருந்தார். போன் நிற்பதாக இல்லை. எடுத்தேன். ஒரு கடைக்காரர்.

"தங்கச்சி, மெஷின் முருங்கைக்காய்க்கு மீன் விலை போடுது! சனம் சிரிக்குது!"

அது நான் எழுதிய பகுதி. எந்தப் பட்டனை அழுத்துவது என்று மெதுவாகச் சொன்னேன். சரிவந்தது.

"நீர்தான் சீனியரோ?"

"இல்லை அங்கிள், ஜூனியர்."

"அப்ப இனி நீரே எடும். அந்தச் சீனியர் ஏசுறார்!"

கடைக்காரரின் குரல் போனைத் தாண்டி ஆபீஸ் முழுக்கக் கேட்டது. முதலாளி அண்ணை சிரித்துக்கொண்டே எழுந்துபோய், போர்டில் போனை ஜூனியர் பக்கம் மாற்றி எழுதினார்.

"அப்ப சீனியர் ஆனால் போன் எடுக்கத் தேவையில்லையோ அண்ணை?"

"ஓம், தேவையில்லை."

சீக்கிரம் சீனியராக வழி தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். தயவுசெய்து போன் மட்டும் பண்ணாதீர்கள்.