கன்னி மூலைக் கதவு

ஜவுளிக்கடைக்காரரை நடுத்தெருவில் வைத்து நான் அறைந்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அதே நாளில் என் வாயில் விழுந்த குத்தும் சரிதான். முதல் அடிக்கு மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். இரண்டாவதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அப்போது அரியலூர்ப் பக்கம் நான் தீயணைப்பு நிலைய அலுவலர். தீயை அணைப்பது பாதி வேலை. மீதிப் பாதி, கட்டடங்களைச் சோதித்துத் தடையில்லாச் சான்று கொடுப்பது. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் எது முதலில் தீப்பிடிக்கும், எந்த வழியாக ஓடுவார்கள் என்றுதான் கண் போகும். கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும். மாடிப்படியில் துணி பண்டல் கிடந்தால் உதைத்து உருட்டிவிடுவேன். கடைவீதியில் என் ஜீப் திரும்பினாலே படிகள் காலியாகும். நான் போனதும் பழையபடி நிரம்பும். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த ஜவுளிக்கடை மூன்று மாடி, ஒரே படிக்கட்டு. மாற்று வழி இல்லாமல் சான்று கிடையாது என்று சட்டத்தைச் சொன்னேன். மூன்று பக்கமும் பக்கத்துக் கட்டடங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு சந்து வந்து முட்டிய தென்மேற்கு மூலையில் மட்டும்தான் கதவு வைக்க இடம். கடைக்காரர் கையைப் பிசைந்தார்.

"கன்னி மூலைங்க சார். அங்க வாசல் தொறந்தா வூடு வெளங்காதுங்க. வேற எது வேணாலும் சொல்லுங்க, செஞ்சுடறேன்."

"தீப்புடிச்சா எட்டு மூலையும் அக்கினி மூலைதான்யா. கதவ வை. இல்லாட்டி கடையப் பூட்டு."

வைத்தார். இரும்புப் படியும் இறக்கினார். மாடிக்குள் நின்று என் கையாலேயே கதவைத் தள்ளித் திறந்து பார்த்துவிட்டுத்தான் சான்று கொடுத்தேன்.

மறு வருடம் சான்றைப் புதுப்பிக்கப் போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சந்தில் நின்றபடி அண்ணாந்து பார்த்தேன். சிவப்புக் கதவு, அதில் 'அவசர வழி' என்று வெள்ளை எழுத்து. புதிதாகப் பெயின்ட் கூட அடித்திருந்தார். ஆள் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே படிவத்தில் 'மாற்று வழி' என்ற இடத்துக்கு நேரே 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாடி ஏறவில்லை.

ஆடித் தள்ளுபடி சமயம், காலை பதினோரு மணி இருக்கும். படிக்கு அடியிலிருந்த மின்பெட்டி வெடித்து, பக்கத்தில் அடுக்கியிருந்த பண்டலில் பற்றிக்கொண்டது. சாலையை அடைத்து நின்ற சுண்ணாம்புக்கல் லாரிகளை விலக்கி எங்கள் வண்டி போய்ச் சேர்வதற்குள் கீழ்த்தளக் கண்ணாடிகள் தெருவில் வெடித்துச் சிதறிக்கொண்டிருந்தன. படிக்கட்டு முழுக்கத் தீ. மேல்மாடியில் வேலை செய்யும் மூன்று பெண்கள் சிக்கிக்கொண்டார்கள் என்று ஊரே கத்தியது.

எனக்குப் பதற்றமே இல்லை. பின்னால் என் கதவு இருக்கிறதே! நாலு பேரோடு சந்து வழியாக ஓடி, இரும்புப் படி ஏறி, பூட்டைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துக் கதவை இழுத்தேன்.

செங்கல் சுவர். அரசாங்கம் பார்ப்பதற்கு வெளியே கதவு, வாஸ்துவுக்கு உள்ளே சுவர்.

சுவருக்கு அந்தப்பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. உள்ளங்கையால் அறைகிறார்கள், நடுநடுவே பிறாண்டுகிறார்கள். "அண்ணே, அண்ணே" என்று ஒரு குரல். சம்மட்டியை ஓங்கி, "தள்ளிப் போம்மா, கல்லு உள்ள விழும்" என்று கத்தினேன். அவள் போகவில்லை. போக இடம் எங்கே இருந்தது? அங்கேதான் நிற்கிறாள் என்று தெரிந்தே அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அந்தப்பக்கம் அலறல் கேட்டது. மூன்று வரிசைக் கல் பெயர்ந்தது. நான்காவது வரிசையில் கை வைத்தபோது தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

ஓட்டையிலிருந்து கரும்புகை முகத்தில் அறைந்தது. மயங்கிக் கிடந்த இரண்டு பேரைக் கையில் சிக்கிய தலைமுடியையும் சேலையையும் பிடித்து இழுத்துப் போட்டோம். பிழைத்தார்கள். மூன்றாமவள் சுவரை ஒட்டியே கிடந்தாள். கல்லங்குறிச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். அவளுக்கு மூச்சில்லை.

இறங்கி வந்து கடைக்காரரை விட்டேன் ஓர் அறை. உதடு கிழிந்து கீழே விழுந்தார். அடுத்த அடிக்குக் கையை ஓங்கினேன்.

"கதவு அப்படியேதான சார் இருக்கு," என்று அழுதார். "நீங்களே பாத்துட்டுத்தான சார் கையெழுத்துப் போட்டீங்க?"

ஓங்கிய கை தானாக இறங்கியது.

மாலையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இறந்தவளின் கணவர் பிணவறை வாசலில் நின்றார். சிமெண்டு ஆலையில் மூட்டை தூக்குகிறவர், வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். என் சீருடையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் செவுத்த ஒடச்சீங்களாம். கோடிப் புண்ணியம் சார் ஒங்களுக்கு." கைகளை விடாமலே கேட்டார்: "ரொம்பத் தவிச்சாளா சார்?"

"இல்லப்பா. மொதப் புகையிலயே மயங்கிட்டா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அவர் என் கைகளை விட்டார்.

"நான் சிமெண்டு மூட்டைதான் சார் தூக்குறேன். அவ நகத்துக்குள்ள பூரா சிமெண்டு. பாத்துட்டுத்தான் வரேன்."

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. தட்டினாள் என்றேன். கடைசிவரை தட்டினாள் என்றேன். மாடி ஏறிப் பார்க்காமல் 'உண்டு' என்று எழுதியவன் நான்தான் என்பதையும் சொன்னேன். வாயில் விழுந்த குத்தில் முன்பல் ஒன்று தெறித்தது. என் ஆட்கள் பாய்ந்து அவரைப் பிடித்தார்கள்.

"விடுங்கடா அவர," என்று ரத்தத்தைத் துப்பினேன். "அடிக்கட்டும்."

விட்டார்கள். அவர் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் சுவரைத் தட்ட ஆரம்பித்தார்.