சின்னக் கொம்பியூட்டர் போதும் என்றேன்

எண்பதுகளில் சவூதியில் வேலைசெய்த வாப்பா, கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி அனுப்புவார். கல்முனையில் அப்போது பல வீடுகளில் இதே வழக்கம்தான். ஒருமுறை என்னிடம் கேட்டிருந்தார்:

"மகள், வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கப் போறன். டிஸ்க் போடுற பெரிசு வேணுமா, கெசட்டில பதியிற சின்னது போதுமா?"

"சின்னது போதும் வாப்பா. டீவியும் ரெக்கோடரும் வீட்டில இரிக்கிதானே" என்று பதில் பேசி அனுப்பினேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை.

கொம்பியூட்டர் வந்தது. டீவிதான் அதற்குத் திரை; எழுதும் புரோகிராமை ரெக்கோடரில் சாதாரணப் பாட்டுக் கெசட்டைப் போட்டு, சத்தமாகப் பதிந்து வைக்க வேண்டும். என் பெயரைத் திரை முழுக்க எழுதிக் காட்டும் புரோகிராம் ஒன்றைக் காலை முழுவதும் தட்டி முடித்தேன். கரண்ட் போனால் அத்தனையும் அழிந்துவிடும். அந்த அவசரத்தில், அலுமாரியில் கைக்கு அகப்பட்ட பழைய கெசட்டின் தொடக்கத்தில் அதைப் பதிந்துவிட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது வாப்பா உம்மாவுக்கு மட்டும் பேசி அனுப்பிய கெசட். பின்னேரம் உம்மா அதைப் போட்டபோது கிரீச்சென்ற இரைச்சல்தான் வந்தது. அந்த இரைச்சலுக்குள் இருந்தது என் பெயர். ஒரு நிமிடம் கழித்து, பாதி வசனத்திலிருந்து வாப்பாவின் குரல் கேட்டது.

"மன்னிச்சிருங்க உம்மா. மிச்சமெல்லாம் அப்படியே இரிக்கி" என்றேன்.

"ஓம் மகள், இரிக்கி" என்றார் உம்மா. "முதல்லதான் என்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். வேற ஒரு கெசட்டிலயும் கூப்பிடல்ல."

வாப்பா ஊரோடு வந்து சேர்ந்த பிறகு நான் காதைத் தீட்டிக்கொண்டே திரிந்தேன். கடைசிவரை அவர் உம்மாவை "மகள்ட உம்மா" என்றுதான் கூப்பிட்டார்.