மயிலை தின்ற வைக்கோல்

மார்கழிக் காலையில் கொள்ளிடத்தின் வடகரைப் படுகையில் நின்று பார்த்தால் ஸ்ரீரங்கமே தெரியாது. பனி அப்படி மூடிக் கிடக்கும். கோயில் மேளச் சத்தம் மட்டும் ஆற்றைத் தாண்டி வரும், அதுவும் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று சொல்ல முடியாதபடி. கொஞ்சம் வெயில் ஏறினால் முதலில் கோபுர உச்சிகள் தெரியும், அப்புறம் அவற்றுக்கும் பின்னால் மலைக்கோட்டை. எல்லாம் அடியில் ஒன்றுமே இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும். அடியில் தரை இருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னால் நான் நம்பமாட்டேன். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும்.

வயலெல்லாம் சம்பா நின்றதால் அந்த மாதத்தில் எங்கள் மாடுகளுக்குப் படுகைதான் கதி. அங்கே புல் இருந்தது. ஆனால் பனி காயும்வரை மாட்டை அதில் வாய் வைக்க விடக் கூடாது, வயிறு ஊதிவிடும். அதனால் விடிந்ததும் வைக்கோல் போரிலிருந்து பிடுங்கிக் கட்டி, தலையில் சுமந்து போய், வெயில் வரும்வரை அதைப் போட்டு மாடுகளை நிறுத்தி வைக்க வேண்டும். சித்தப்பாதான் இந்த வேலையைப் பார்த்து வந்தார். அந்த வருஷம் ஆவணியில் அவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கப்பல் ஏறப் போவதாக ஒரு கார்டு வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவர் திரும்பி வரவே இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வந்து நிற்பார் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம், நாங்கள் ஆசைப்பட்டதே போதும்.

வேலை சித்தியிடம் வந்தது. கல்யாணமாகி வந்து ஒரே ஒரு பொங்கல்தான் எங்கள் வீட்டில் கண்டிருந்தாள். சின்ன வயசுப் பெண் தனியாகப் படுகைக்குப் போகக் கூடாதென்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். நல்ல துணை! நாய் குரைத்தால் சித்தியின் புடவைக்குள் ஒளிந்துகொள்கிறவள் நான்.

மற்ற மாடுகள் ஒழுங்காகத் தின்றன. மயிலை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மயிலை என்பது சித்தப்பா கன்றிலிருந்து வளர்த்த காளை. அதற்கு அவர் கொடுத்த செல்லம் கொஞ்சநஞ்சமல்ல. போன பனிக்காலம் முழுக்க வைக்கோலைத் தட்டி, தூசி போக உதறி, பிடி பிடியாக வாயில் ஊட்டினார். மழை மாதங்களில் பச்சைப் புல் கிடைத்ததால் அது அவரை மறந்துவிட்டதென்று நினைத்திருந்தோம். வைக்கோல் என்று வந்ததும் துரைக்கு நினைப்பு வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம், புண்ணாக்குத் தூவிப் பார்த்தோம். மோந்துவிட்டு, ஊரிலிருந்து வரும் பாதையைப் பார்த்து நின்றுகொள்ளும். வெயில் வந்தபின் மேய்கிற அரைகுறைப் புல் எந்த மூலைக்கு? விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

“தை அறுப்புக்கு வண்டி கட்டணும். இப்படி இருந்தா இது எப்படி இழுக்கும்? மணப்பாறை சந்தைக்கு ஓட்டிட்டு வேற ஒண்ணு பிடிச்சிட்டு வந்துட வேண்டியதுதான்” என்று அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றுவிட்டது.

“வேணாம் மாமா. அவரு வந்ததும் முதல்ல மாட்டைத்தான் கேப்பாரு.”

அப்பாவிடம் அவள் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா இலையைப் பார்த்தபடியே, “பொங்கல் வரைக்கும் பாப்போம்மா” என்றார்.

சித்தியின் தகரப் பெட்டியில் சித்தப்பாவின் கட்டம் போட்ட பழைய சட்டை ஒன்று இருந்தது. பனிக்காலத்தில் படுகைக்குப் போட்டுக்கொண்டு போவது. திருச்சிக்குப் போய் ரயிலேறுவதற்கு முந்தின நாள்வரை அதைத்தான் போட்டிருந்தார். அதை அவள் வெளுக்கப் போடவே இல்லை. “அழுக்குச் சட்டையை என்னத்துக்குடி பொத்திப் பொத்தி வைக்கிற, பூச்சி அரிச்சிடும்” என்று அம்மா ஏசுவாள். “சரிக்கா” என்பாள் சித்தி. மத்தியானம் வீடு அடங்கியதும் பெட்டியைத் திறந்து சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். வியர்வையும் பீடியும் ஊறிப்போன அந்தச் சட்டையில் அப்படி என்ன இருக்கிறதென்று எனக்குப் புரியவில்லை.

அப்பா சந்தைப் பேச்சை எடுத்த மறுநாள், படுகைக்குப் போனதும் சித்தி இடுப்பில் சுருட்டி வைத்திருந்த சட்டையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு புடவைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். ஒரு பிடி வைக்கோலை உதறி நீட்டினாள். மயிலை வழக்கம்போல மோந்தது. மோந்த மூக்கு வைக்கோலை விட்டுச் சட்டைக் கைக்குப் போயிற்று, அங்கிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கழுத்துக்கு. புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் நாக்கை நீட்டி வைக்கோலை வாங்கிக்கொண்டது.

ஐயோ, அந்தச் சத்தம்! மொறுக் மொறுக்கென்று அது மெல்லுகிற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. சுற்றிலும் வெள்ளைப் பனி, ஆறு இல்லை, கரை இல்லை, நடுவில் மாடு மட்டும் தின்றுகொண்டிருந்தது. சித்தி அடுத்த பிடியை எடுத்தாள். நான் தூக்கத்தில் இருக்கிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அப்படி ஒரு காலையில் அப்பா படுகைக்கு வந்தார். பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டவர், சட்டையும் தலைத்துண்டுமாக மாட்டருகே நின்ற முதுகைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி… டேய் தம்பி” என்றார்.

சித்தி திரும்பினாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதென்று அன்றைக்கே அம்மாவிடம் போய்க் கவலையோடு சொன்னேன். சித்தியைப் போய்ச் சித்தப்பா என்று நினைத்துவிட்டாரே! “வாயை மூடிட்டுப் போடி” என்றாள் அம்மா. மணப்பாறைப் பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவேயில்லை.

மார்கழி முழுக்க அந்தச் சட்டை பனியில் நனைந்தது. மயிலை அதை நக்கியது, எச்சிலைத் துடைத்தது, தோள்பட்டையில் முகத்தை வைத்துத் தேய்த்தது. வைக்கோல் தூசி கட்டங்களே தெரியாமல் அப்பிக்கொண்டது. சித்தி பெட்டியைத் திறந்து உட்காருவதும் நின்றுபோயிற்று. மாட்டுக்கு உடம்பு தேறிற்று. தையில் அறுப்பு முடிந்து புது வைக்கோல் வந்தது. நெல்மணம் மாறாத அந்த வைக்கோலைத் தரையில் போட்டதும் மயிலை யாரையும் எதிர்பாராமல் தானே குனிந்து தின்றது. நான் கைகொட்டிக் குதித்தேன்.

சித்தி சட்டையைக் கழற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். அதை முகத்தில் வைத்துப் பார்த்தாள். திருப்பி அக்குள் பக்கத்தை மோந்து பார்த்தாள். மறுபடி கழுத்துப் பக்கம். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“இதுல என்ன வாசனை வருது, பாத்துச் சொல்லு. எனக்கு ஒண்ணும் பிடிபடல.”

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டதுபோல எனக்கு ஒரே பெருமை. நன்றாக இழுத்து மோந்தேன்.

“மாட்டு வாசனை, சித்தி. வைக்கோல் வாசனை.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பாரு கண்ணு. காலர்ல பாரு.”

காலரிலும் பார்த்தேன். “ஒண்ணுமே இல்ல சித்தி. அந்தப் பீடி நாத்தம்கூட சுத்தமாப் போயிடுச்சு” என்றேன், நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தோடு.

சித்தி என் தலையைத் தடவினாள். “அப்ப துவைச்சிடலாம்” என்று எழுந்து போய், முழங்கால் தண்ணீரில் நின்று சட்டையை முக்கினாள். கசக்கினாள், பிழிந்தாள், உதறிப் பார்த்தாள், மறுபடியும் முக்கினாள். பனி விலகி, அக்கரைக் கோபுரமெல்லாம் அடிவரைக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. எனக்கோ பசி வயிற்றைக் கிள்ளியது. ஒரு சட்டைக்கு இவ்வளவு நேரமா?

“அழுக்கெல்லாம் எப்பவோ போயிடுச்சு சித்தி, வா!” என்று கரையிலிருந்து கத்தினேன்.