சாதாழையில் செய்த றப்பர்த் தோட்டம்

போன கிழமை பேரனுக்குத் தபாலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே மரங்கள். விரல் உயரத்தில், இலையும் கிளையுமாக, கண்ணாடித்தாள் பைக்குள் வரிசையாக நின்றன. அவன் எங்கள் வீட்டு நிலவறையில் ஒரு சின்ன ரயிலுக்குக் காடும் மலையும் கட்டிக்கொண்டிருக்கிறான். நான் ஒரு மரத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். "அப்பப்பா, அது பிளாஸ்டிக்" என்றான். எனக்கும் தெரியுமடா. ஆனால் விளையாட்டு ரயிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மரம் கொஞ்சமாவது கடல் மணக்கவேண்டும் என்று என் மூக்கு பிடிவாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் மலாயா மாமி.

எனக்கு முதல் நியமனம் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தீவான வேலணையிலேயே கிடைத்தது. விஞ்ஞானம் படிப்பித்தேன். படிப்பித்தேன் என்று சொல்வது பெரிய பேச்சு, அதைப் பிறகு சொல்கிறேன். கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு வந்து, பாண் ரொட்டிக்குச் சனம் வரிசையில் நின்ற காலம் அது. பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைக்கவேண்டும் என்றார்கள். ஊர்காவற்றுறையில் மீன்பிடிக் குடும்பமொன்றிலிருந்து வந்து சித்திரம் படிப்பித்த பிலிப் மாஸ்டரும் நானும் மலைநாட்டு ரயில் பாதை ஒன்றைச் செய்துகாட்டலாம் என்று எடுத்துவிட்டோம். தீவில் தண்டவாளமும் இல்லை, மலையும் இல்லை. ஏறி நின்று தூரம் பார்க்க ஒரு மேடுகூட இல்லை. அந்தத் துணிச்சலை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

ரயில் மட்டும் இருந்தது. மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சனோடு ஊருக்கு வந்த ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் பின்வீதியில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. இஸ்திரி போட்ட முகம். சிரித்து யாரும் கண்டதில்லை. அவர் கண் காட்டக் கொழும்புக்குப் போயிருந்த நேரத்தில், அவருடைய மனைவி, ஊரெல்லாம் மலாயா மாமி என்று சொல்கிற அந்த மனுசி, என்னைக் கூப்பிட்டு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதுபோலத் திறப்பு முறுக்கினால் ஓடுகிற கறுப்பு இஞ்சின், பெட்டிகள், தண்டவாளம். எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"இது ஆற்ற மாமி?"

"அவற்றதான். நான் கோயிலுக்குப் போற நேரம் பாத்து, கதவைப் பூட்டிப்போட்டு ஹோலில தனிய ஓட்டுறவர். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

ஒருநாள் மாமி வேளைக்குத் திரும்பி வந்திருக்கிறார். உள்ளே 'கிர்ர்' என்று சத்தம். அதோடு அவர் வாயாலேயே விசில் அடிக்கிறாராம். மாமி சத்தம் போடாமல் திரும்பிக் கோயிலுக்கே போய் இன்னொருதரம் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தார். அன்று தொடக்கம் வரும்போது வாசல் படலையை ஓங்கி அடித்துச் சாத்துவார். பெட்டியை ஒளிக்க அவருக்கு நேரம் வேண்டாமா?

"அப்ப ஏன் மாமி எங்களுக்குத் தாறியள்? தெரிஞ்சா மானம் போச்சுதெண்டு துடிச்சுப்போவார்."

"வெறுஞ் சீமெந்தில எவ்வளவு காலந்தான் தம்பி ஓடுறது? ஒரு நாளைக்கெண்டாலும் மரத்தடியால ஓடட்டும். அவர் வர இன்னும் ஒரு கிழமை கிடக்கு. ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து வைச்சிடவேணும், சொல்லிப்போட்டன்."

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். தேயிலை மலை கூடாது, அவர்கள் இருந்த ஸ்டேசனைப்போல றப்பர்த் தோட்டம்தான் வேண்டும். அது எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. மாமியே வந்து கதிரை போட்டு இருந்து வேலை வாங்கினார். பிள்ளைகள் இருக்கிற வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பனையோலைக் கடகங்களைக் கவிழ்த்துப் பழைய பேப்பரை ஒட்டி மேடு செய்தோம். மாவில் பசை காய்ச்சினால் ஊர் எங்களை அடித்தே கொன்றிருக்கும், புளியங்கொட்டையில் காய்ச்சினோம். மரத்துக்குத்தான் வழி தெரியவில்லை.

"மாஸ்டர், வலையில சிக்கினா நாங்கள் கழற்றி எறியிற சாமான் ஒண்டு கிடக்கு, பாரும்" என்று பிலிப் மாஸ்டர் ஒரு சாக்கு நிறையச் சாதாழை கொண்டுவந்து கொட்டினார். கடலில் முளைக்கிற செடி, வயலுக்குப் பசளையாகத் தாழ்ப்பது. காய்ந்ததும் அதன் கிளை பிரிந்த அழகு இருக்கிறதே, அசல் மரம்! அறை முழுக்க மீன் காயப்போடுகிற வாடிபோல நாறியது. கழுவி, பெட்டி இழைக்கிறவர்கள் பாவிக்கிற பச்சை ஓலைச்சாயத்தில் தோய்த்து, உலர்த்தி நட்டோம். "இன்னும் நெருக்கி நடுங்கோ. றப்பர் மரம் பள்ளிக்கூடப் பிள்ளையளைப்போல வரிசையா நிக்கும்" என்றார் மாமி. நட்டு முடிந்ததும் குனிந்து, சரிந்து நின்ற ஒரு மரத்தை விரலால் நிமிர்த்தினார். கண் கலங்கியிருந்தது.

இனி நான் படிப்பித்த லட்சணத்தைக் கேளுங்கள். சாதாழையைப் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் கழுவினோம். அது உவர்க்கிணறு. நல்ல தண்ணீர் தூரத்திலிருந்து குடத்தில் வருவது. அதைப் போய்க் கடற்புல்லுக் கழுவ ஊற்ற எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் மனம் வராது. கடல் உப்புப் போகவில்லை, கிணற்று உப்பும் சேர்ந்துகொண்டது. உப்பு ஈரத்தை இழுக்கும் என்று அந்தத் தவணைதான் நான் எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன்!

கண்காட்சியன்று ஈரமான வாடைக்காற்றுத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் காடு முழுவதும் வேர்த்து, சொட்டுச்சொட்டாகப் பச்சைத் தண்ணீர் தண்டவாளத்தில் விழுந்தது. இஞ்சின் மேட்டில் ஏறமாட்டாமல் நின்ற இடத்திலேயே சில்லைச் சுற்றியது. கறுப்பு இஞ்சின் பச்சை இஞ்சினாகிவிட்டது. "ஐயோ தம்பி, துடையும், துடையும்" என்று மாமி பதறினார். நான் துடைக்கத் துடைக்க மேலே இருந்து சொட்டியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்டேசன் மாஸ்டர் நிற்கிறார், கையில் பயணப் பையோடு! கொழும்பில் டொக்டர் லீவாம், திரும்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ரயில் ஓடுகிறது என்று பஸ்ஸில் யாரோ சொல்ல, நேரே வந்திருக்கிறார். துடைத்த துணியை நான் முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். மாமி கதிரையிலிருந்து எழும்பவில்லை.

அவர் வந்தார். இஞ்சினைப் பார்த்தார். மாமியைப் பார்க்கவில்லை. சால்வையை எடுத்துத் தண்டவாளத்தைத் துடைத்தார்.

"தண்டவாளம் நனைஞ்சா மண் போடவேணுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாதே? கொஞ்சம் குருமண் கொண்டாங்கோ."

தூவினார். திறப்பை முறுக்கினார். இஞ்சின் மேட்டில் ஏறி, சொட்டுகிற மரங்களுக்குள் புகுந்தது. அப்போதுதான் அது நடந்தது. அவர் வாயிலிருந்து ஒரு நீண்ட விசில் வந்தது. பிள்ளைகள் கத்திக் கைதட்டினார்கள். அவர் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டு, மெல்ல மாமியின் பக்கம் திரும்பினார்.

"உமக்கு இது... எப்பயிருந்து தெரியும்?"

"வந்த வருசமே தெரியும். படலையை நான் ஏன் அந்த அடி அடிக்கிறனான் எண்டு நினைச்சியள்?"

அவர் பக்கத்து வாங்கில் பொத்தென்று இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நான் பயந்தேன். சிரித்தார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அப்பாடா" என்றார். "இவ்வளவு காலமும் கள்ளனைப்போல இருந்தனான்."

"அதை விடுங்கோ, மரத்தைப் பாருங்கோ. மழை விட்டாப் பிறகு அங்க இப்பிடித்தானே சொட்டும்?"

"ஓம். அச்சொட்டா இப்பிடித்தான்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டபோது பெட்டியை நான் ஒரு துணியால் மூடிக் கொடுத்தேன். அவர் துணியை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு, இஞ்சினை எல்லோருக்கும் தெரியக் கையில் தூக்கிக்கொண்டு நடுவீதியால் நடந்தார். மாமியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனோம். வேலியடியில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள், "என்ன மாஸ்டர் கொண்டு போறியள்?" ஒவ்வொருவருக்கும் நின்று நின்று சொன்னார், "என்ர ரயில்."

பிறகு எத்தனையோ நடந்தது. இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். சண்டையில் ஊர் இடம்பெயர்ந்தது. அண்மையில் ஒருமுறை போய் அந்த வீதியால் நடந்தேன். கையில் ஒரு பை வைத்திருந்தேன். வேலிகளும் இல்லை. என்ன கொண்டு போறீர் என்று கேட்க ஒருவரும் இல்லை.