பத்தியம் இருந்த ஒற்றைச் செல்கள்

பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு ஜீவன்கூட அவள் சமையலைப் புகழ்ந்ததில்லை. வீட்டில் கணவரும் புகழ்ந்ததில்லை என்பதால் அவளுக்கு அது குறையாகவே படவில்லை.

ஆய்வுக்கூடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்களுக்கு உணவிடுவது அவள் வேலை. எல்லோருக்கும் தீனி அக்கா. தினமும் குடுவைக்கு நான்கு சொட்டு ஸ்டெரால். அது செடிகளிலிருந்து எடுக்கும் ஒருவகைக் கொழுப்பு. அந்த உயிர்களால் தாமாக உண்டாக்கிக்கொள்ள முடியாதது.

கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. கொழுப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். மனிதர் அடங்கவில்லை, ஒளித்து வைத்துத் தின்றார். அக்கா குமுறிக் குமுறி அழுதாள். அழுத கையோடு வேலைக்கு வந்து, "நீங்களாவது நூறு வருஷம் நல்லா இருங்கடா, கண்ணுங்களா" என்று நான்கு சொட்டை இரண்டாக்கினாள். நாளைக்கொரு முறை இரண்டாகப் பிளந்துகொள்ளும் ஜென்மங்களுக்கு எந்த நூறு வருஷம் என்று அவள் யோசிக்கவில்லை. பாசத்துக்கு ஏது கணக்கு?

பத்தாம் நாள் பேராசிரியரின் உலகம் இடிந்தது. உப்புத்துளி பட்டால் அந்த உயிர்களின் மேல்சவ்வில் மின்துடிப்பு எழும். பதறிப் பின்னோக்கி நீந்தும். இப்போதோ, யாருக்கு வந்த விருந்தோ என்பதுபோல் முன்னேயே போய்க்கொண்டிருந்தன.

"மூணு வருஷ உழைப்பு போச்சு. எல்லாத்தையும் கீழ கொட்டு" என்றார் ஆராய்ச்சி மாணவியிடம். அவள் மேசையில் கவிழ்ந்து விசும்பினாள்.

அக்கா அவளையே பார்த்தாள். சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் பட்டம் போகும்.

"கொட்டாதீங்க சார். நான்தான் பத்தியம் வெச்சேன்."

"யாருக்கு?"

"இதுங்களுக்குத்தான். கொழுப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"எங்க வீட்டுக்காரரைப் பாக்குற டாக்டரு."

பேராசிரியர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "நாளையிலேருந்து நீங்க கண்ணாடிச் சாமான் கழுவப் போங்கம்மா."

மாணவி மூக்கைத் துடைத்தாள். "அக்கா, எல்லாக் குடுவைக்குமா குறைச்சீங்க?"

"ஜன்னலோரத்து ஆறு குடுவைக்கு மட்டும் பழைய அளவுதான்மா. அதுங்களே நோஞ்சான்."

மாணவி பாய்ந்து போய் அந்த ஆறு குடுவைகளிலும் உப்பைச் சொட்டினாள். அத்தனையும் அலறியடித்துப் பின்வாங்கின.

"சார்! நாலு சொட்டுக்குத் துடிக்குது, ரெண்டுக்குத் துடிக்கல. தீனியில ஸ்டெரால் குறைஞ்சா சவ்வு மந்தமாகுது. நாம ஆராய வேண்டியது இதைத்தானே!"

பேராசிரியரின் கண் கலங்கியது. பத்தே நிமிடத்தில் அது அவருடைய சொந்த யோசனையாகிவிட்டது.

தண்டனை மட்டும் மாறவில்லை. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே. அக்கா கழுவும் அறைக்குப் போனாள். புதிதாக வந்த படித்த ஆள் ஒரே வாரத்தில் பாதிக் குடுவைகளைப் பரலோகம் அனுப்பினார்.

இப்போதெல்லாம் காலையில் கழுவும் அறை வாசலில் பேராசிரியரே வந்து நின்று தொண்டையைச் செருமுகிறார்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தீனி வெச்சுட்டுப் போறீங்களா?"

"நேத்தும் இதையேதான் சார் சொன்னீங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறாள் அக்கா.