கொல்லிமலை வளைவுகளில் வெள்ளை சைக்கிள்கள்

வெள்ளை சைக்கிளைப் பராமரிக்கிற வேலையில் சம்பளம் கிடையாது, மேலதிகாரி கிடையாது. ஆனால் வழியில் போகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஊர்க் கமிட்டி, பெற்றோர் சங்கம், குடியிருப்போர் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் பெயரைக் கொடுத்துவிட்டு முழிக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் சேந்தமங்கலத்தில் ஓவிய ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் சேர்ந்து காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரைக்கும் எழுபது வளைவையும் சைக்கிளில் ஏறுவோம். அப்படி ஒரு ஞாயிறு, எங்களோடு வந்த எலக்ட்ரீஷியன் கதிர்வேல் இறங்கும்போது, வளைவை அறுத்துக்கொண்டு ஏறிவந்த சரக்கு வேன் மோதி இறந்துபோனான். அடுத்த மாதம் நானும், டிராக்டர் சாமான் கடை வைத்திருக்கும் செல்வராசும் பழைய சைக்கிள் ஒன்றுக்கு டயர் முதல் ஹேண்டில்பார் வரை வெள்ளையடித்து, அந்த இடத்தில் சங்கிலி போட்டுக் கட்டி, பெயர்ப் பலகையும் மாட்டினோம். பார்க்கிற வண்டிக்காரர் ஒருவராவது பிரேக்கில் காலை வைப்பார் என்று ஒரு நினைப்பு.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தோம். பிறகு வேறொரு வளைவில் வேறொருவர். இப்போது மலை மேலும் சரிவிலுமாக நாலு சைக்கிள்கள். மழை விட்டதும் துரு தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது, மேலே ஏறும் கொடியை அறுத்துவிடுவது எங்கள் வேலை.

வாடகை வண்டி

வாசலூர்பட்டி ஏரிக்குப் போகிற ரோட்டில் ஒரு கல்லூரி மாணவருக்காக வைத்த சைக்கிள் இருக்கிறது. நான் அதன் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் போனை நீட்டி பெயர்ப் பலகையை மேலும் கீழும் ஸ்கேன் செய்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "சார், இதுக்கு எந்த ஆப்? எடுத்த இடத்துலயே விடணுமா, இல்ல போட் ஹவுஸ்லயே விட்டுரலாமா?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். போன் மெதுவாகச் சட்டைப் பைக்குள் போனது. பலகையில் இருந்த வயதைப் படித்தார். காருக்குள் இரண்டு பிள்ளைகள் சைக்கிளுக்கு யார் முதல் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. "என்னவாம்?" என்று மனைவி கண்ணாடியை இறக்கிக் கேட்டார். கணவர் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்: "வண்டி ரிப்பேராம். வாங்க, போட்டுலயே போலாம்."

சீட்டு

கதிர்வேலின் சைக்கிளில் ஒரு மாதம் சீட்டைக் காணோம். வளைவுகளில் குரங்குத் தொல்லை உங்களுக்குத் தெரிந்ததுதான். போன வருடம் பெல்லைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தவை அவைதான். செல்வராசு குரங்கு வம்சத்தையே திட்டித் தீர்த்துவிட்டு வேறு சீட்டு கொண்டுவந்து போட்டார். அதுவும் அடுத்த மாதம் போய்விட்டது. முள்கம்பி சுற்றலாமா, கிரீஸ் பூசலாமா என்று நாங்கள் இருவரும் ரோட்டோரம் நின்று ஆலோசனை செய்தோம்.

பக்கத்தில் அன்னாசி அறுத்து விற்கிற பெண் எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, நட்டு ரெண்டையும் கழட்டி, வாசரையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்குதுங்க. கொரங்குக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியாதுங்க."

எந்தக் கிழமை விசேஷம்

மூன்றாவது சைக்கிள் பெங்களூரில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்காக வைத்தது. அவளுடைய அப்பா கண்டிப்பான மனிதர். மாலை, பொட்டு, ஊதுபத்தி எதுவும் கூடாது, பெயர் மட்டும் போதும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். நாங்களும் தலையாட்டினோம். ஆனால் லாரிக்காரர்கள் எங்களைக் கேட்கவில்லை. முதலில் ஹேண்டில்பாரில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது. பிறகு மஞ்சள் துணி. பிறகு முன்சக்கரத்துக்குக் குங்குமம். நாங்கள் மாதாமாதம் துடைப்போம். அவர்கள் மாதாமாதம் வைப்பார்கள்.

ஒருநாள் அந்த அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். வந்த நேரம், மலை மேல் தேவனூர் நாட்டுப் பக்கம் இருந்து வந்த ஒரு அம்மா சைக்கிளுக்கு முன்னால் சூடம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பாவம், அவருடைய மகன் புதிதாக மினி லாரி எடுத்திருந்தான். துணியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். அதற்குள் அந்த அம்மா, பக்கத்தில் நின்ற பெரிய மனிதரிடம், "இந்தச் சாமிக்கு எந்தக் கிழமைங்க விசேஷம்?" என்று கேட்டுவிட்டார்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். சூடம் எரிந்து அணைகிற வரைக்கும் அவர் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைம்மா. அன்னைக்குத்தான் அவ சைக்கிள் எடுப்பா."

டவுசர்

இதைச் சொல்ல எனக்கே வெட்கம்தான். மலை மேலேயே இருக்கும் பைல் நாட்டிலிருந்து ஒருவர் எங்களைத் தேடி செம்மேட்டு டீக்கடைக்கு வந்தார். சின்னச்சாமி என்று பெயர். மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. டீ வேண்டாம் என்றார். உட்காரவும் இல்லை. "இந்த வெள்ளை சைக்கிளு வெக்கறது நீங்கதானுங்களா?" என்றார். ஆமாம் என்றோம், கொஞ்சம் பெருமையாகத்தான். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டோம்.

அவருடைய அண்ணன் செம்மேட்டுச் சந்தைக்குச் சைக்கிளில் போகும்போது சுற்றுலா வண்டி ஒன்று இடித்துவிட்டுப் போய்விட்டது. ஆள் அங்கேயே முடிந்துவிட்டார். இது நடந்தது கதிர்வேல் இறப்பதற்கும் முன்னால். அந்த இடத்தைத் தாண்டித்தான் நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஹெல்மெட்டும் கண்ணாடியும் அரை டவுசருமாகப் போய்வந்திருக்கிறோம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார் செல்வராசு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அடுத்த வாரமே வேலையை ஆரம்பித்தோம். சைக்கிளை அவரே கொண்டுவந்தார். அண்ணனுடையதேதான், பின்னால் அகலமான கேரியர் வைத்த, கனமான வண்டி. கேரியரைக் கழற்றிவிட்டால் மற்றவை மாதிரி ஒரே அளவாக இருக்கும் என்று நான் சொல்லித் தொலைத்தேன். ஓவிய ஆசிரியனுக்கு அளவு முக்கியம். சின்னச்சாமி கேரியரின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "டவுசர் போட்டுக்கிட்டு ஓட்டுனாத்தான் சைக்கிளுங்களா? எங்கண்ணன் மொளகு மூட்டைய இதுல வெச்சுக்கிட்டுத்தானுங்க ஓட்டுனாரு."

கேரியர் இருக்கிறது. அதற்கும் இரண்டு கோட்டிங் அடித்திருக்கிறோம்.

மூன்று பாரம்

ரோட்டோரத்தில் எதை வைத்தாலும் அனுமதி வேண்டும் என்று ஒருவர் எச்சரித்ததால், ஒரு அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். மனுவை இரண்டு தடவை படித்தார். போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து போய் இன்னொருவரிடம் காட்டினார். திரும்பி வந்து உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "விளம்பரப் பலகைக்குப் பாரம் இருக்குங்க, கோயிலுக்கு இருக்குங்க, பஸ் ஸ்டாப்புக்கு இருக்குங்க. இதுல எதுன்னு நீங்களே சொல்லிருங்க, போட்டுக்கலாம்."

உயிரோடு வந்தவர்

இது எங்கள் தவறுகளில் பெரியது. ராசிபுரத்துக்காரர் ஒருவர், ரைஸ்மில் பிட்டர், ரங்கநாதன் என்று பெயர், வளைவில் அடிபட்டு ஆம்புலன்ஸில் போனார். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைச் சுற்றி மாலை போட்டு, ஆழ்ந்த இரங்கல் என்று வந்துவிட்டது. அறுபது பேர் கைகூப்பியிருந்தார்கள். நாங்களும் கூப்பினோம். ஒரே வாரத்தில் சைக்கிள் தயார். எழுத்தில் நான் எடுத்த சிரத்தை வேறு எதிலும் எடுத்ததில்லை.

ஆறு மாதம் கழித்து நாங்கள் அங்கே புதர் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண்மணி இறங்கி, ஊன்றுகோலோடு ஒருவரை இறக்கிவிட்டார். அடிபட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்து வந்திருக்கிறார். வந்தவர் பலகையைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி படித்தார். "எழுத்து யாருதுங்க?" என்றார். நான்தான் என்றேன். "நல்லா இருக்குதுங்க," என்றார். அப்போதுதான் எங்களுக்கு ஆள் யார் என்று உறைத்தது. செல்வராசு கையிலிருந்த அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஸ்பேனரைத் தேடினார்.

பலகையை ஞாபகத்துக்கு வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று ரங்கநாதன் கேட்டார். அவர் மனைவி விடவில்லை. திட்டப் போகிறாரா அழப் போகிறாரா என்று தெரியாத ஒரு முகத்தோடு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "ஆறு மாசம் ஆசுபத்திரியில கெடையாக் கெடந்து இவரைக் காப்பாத்திக் கொண்டாந்திருக்கறேன். நீங்க ஒரே வாரத்துல முடிச்சுப்போட்டீங்களே சாமி!"

உப்புத்தாள்

கதிர்வேல் இறந்த நாளுக்கு வருடம் ஒருமுறை அவன் மனைவி மலர்கொடி வருவாள். பூ கொண்டுவர மாட்டாள். புடவையைச் செருகிக்கொண்டு எங்களோடு துரு தேய்ப்பாள், தடுப்புச்சுவரில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு மதிய பஸ்ஸில் போய்விடுவாள். போன வருடம் அப்படி வேலை நடந்துகொண்டிருந்தபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மொபெட்டை ஓரம் கட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பக்கத்தில் வந்து, "எனக்கும் ஒரு பிரஷ் குடுங்க," என்றார்.

செல்வராசுக்கு அவரைத் தெரியும். கோர்ட்டில் பார்த்திருக்கிறார். "இங்கிருந்து போயிருங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. நான் என்ன செய்தேன் என்றால், கலக்கிய பெயின்ட்டையே திரும்பவும் கலக்கிக்கொண்டிருந்தேன். "யாருங்க அது?" என்று மலர்கொடி கேட்டாள். அவரே சொன்னார்: "நாந்தானுங்கம்மா. அன்னைக்கு வேனு ஓட்டுனது."

மேலேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிப் போனது. அது போகிற வரைக்கும் மலர்கொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அவரு ஏதாச்சும் பேசுனாருங்களா?"

அன்று நாங்கள் பின்னால் ஐந்து வளைவு தள்ளி இறங்கிக்கொண்டிருந்தவர்கள். வந்து சேர்ந்தபோது கதிர்வேலுக்கு நினைவில்லை. இந்தக் கேள்வியை அவள் எங்களிடம் ஒருமுறை கேட்டு, பதில் இல்லாமல் விட்டுவிட்டாள். வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "பேசுனாருங்க. சைக்கிள ஓரமா எடுத்து வெய்யுங்க, கீழ வர்ற வண்டி ஏதாச்சும் இடறி உளுந்துரும்னாரு. அவ்வளவுதானுங்க."

"எடுத்து வெச்சீங்களா?"

"வெச்சனுங்க."

மலர்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். செல்வராசு எழுந்து அடுத்த வளைவு வரைக்கும் போய்விட்டார். அவள் பையிலிருந்து ஒரு உப்புத்தாளை எடுத்து, பாதியாகக் கிழித்து, வேன்காரரிடம் நீட்டினாள். அவர் பின்சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். நன்றாகவே தேய்த்தார். மதியம் வரை வேலை நடந்தது. சோற்று மூட்டையை அவள் மூன்று பங்காகத்தான் பிரித்தாள். கிளம்பும்போது அவர் கையெடுத்துக் கும்பிட, மலர்கொடி சொன்னாள்: "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்க வேண்டாமுங்க. ஆளு பத்தலைன்னுதான் உப்புத்தாளு குடுத்தேன்."

இவ்வளவையும் பார்த்தபின் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், இனி ஒரு சைக்கிள்கூட வைக்கிற நிலைமை வரக் கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டே, எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த டப்பா வெள்ளை பெயின்ட்டையும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறவர்கள் நாங்கள்.