எட்டு ஊமைக் கட்டைகள்

பட்டறையில் அவருக்கு மைக்செட் என்று பெயர். பக்கத்தில் நிற்பவரிடம் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். தகடு வெட்டும் பிரஸ்ஸில் முப்பத்தோரு வருடம் நின்றவர். நிமிடத்துக்கு நாற்பது அடி, அடிக்கு ஒரு டப்பா மூடி. காதை அடைத்துக்கொள்ள ரப்பர் கொடுத்தார்கள். வியர்வையில் அரிக்கிறது என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சட்டைப்பைக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள். மெஷினை மிதிக்கும்போது ஒரு மெட்டை முணுமுணுப்பாள். வார்த்தை கிடையாது, யாருடைய பாட்டும் கிடையாது, அவளாகக் கட்டிக்கொண்டது. நடுவில் ஓரிடத்தில் மெட்டு மேலே ஏறி, அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு இறங்கும். கல்யாணமான புதிதில் அந்த இடம் வரும்வரை வேலைக்குக் கிளம்பாமல் செருப்பைத் தேடுவதுபோல் பாசாங்கு செய்தவர் அவர். இரண்டு மூன்று வருடமாக அவள் அதை நிறுத்திவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டாள், பாட்டு வருவதற்கு என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். அந்த மெட்டைத் தானே வாசித்து அவளுக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு கீபோர்டு வாங்கிவிட்டுப் போகலாம். இல்லை, என் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, பழைய ரேடியோவின் ஸ்பீக்கர், கழிவுத் தகட்டில் வெட்டிய இருபத்தைந்து கட்டைகள். கட்டையைத் தொட்டால் போர்டு ஒரு சுரத்தை உண்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். அதற்கான புரோகிராமை வீடியோவில் பார்த்துப் பார்த்து, ஒரு விரலால் அடித்தார். சின்ன ஸ்பீக்கரில் கனத்த சுரம் எடுக்காது என்று எல்லாவற்றையும் உயர்ந்த சுருதியில் வைத்தார். நாலு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின.

இடப்பக்கத்துப் பதினேழு கட்டைகள் வாயைத் திறந்தன. மீதி எட்டும் ஊமை. மெட்டு ஏறி நிற்கும் இடம் அந்த எட்டில்தான் இருந்தது.

ஒயரை மாற்றினார். ஈயத்தை உருக்கி மறுபடி பற்றவைத்தார். ஸ்பீக்கரை மாற்றினார், கடைசியில் போர்டையே மாற்றினார். திரையில் கட்டையின் எண் ஒழுங்காக வந்தது, சத்தத்தை மட்டும் காணோம். அந்த எட்டுக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். மனுஷன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார், ஒன்றைத் தவிர.

"உனக்குக் கேக்குதா?"

"கேக்கலைங்க" என்பாள் மனைவி, தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு ஞாயிறு காலை மாடிவீட்டுப் பெண் கைக்குழந்தையோடு இறங்கி வந்தாள். குழந்தையின் காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கீச்சுச் சத்தத்தை நிறுத்துங்களேன். மூணு வாரமா பாப்பா துடிச்சுப் போறா."

"எந்தக் கீச்சு?" என்று கேட்டுக்கொண்டே அவர் கடைசிக் கட்டையைத் தொட்டார். குழந்தையின் முகம் கோணி, வாய் அகலத் திறந்தது. விரலை எடுத்தார். மூடியது. மறுபடி தொட்டார்.

மனைவி பக்கம் திரும்பினார். முடியை ஒதுக்கியிருந்த அவள் காதில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"என்ன அது?"

"பஞ்சு" என்றாள். பிறகு அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று, உரக்கச் சொன்னாள்: "குக்கர் அத்தனை விசில் அடிச்சும் பக்கத்துலயே பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, அன்னிக்கே எனக்குத் தெரியும். எப்படிங்க சொல்றது? பஞ்சு வச்சுக்கிட்டா முழுப் பொய் ஆகாதுன்னு நினைச்சேன்."

அந்த வாரமே காது டாக்டரிடம் போனார்கள். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். பாதியில் அது கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. உள்ளே செத்தது செத்ததுதான், காதில் மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் பிடிபடும், அந்த உயரத்துச் சத்தம் திரும்பாது என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டைகளின் முன்னால் உட்கார்ந்தவர் கேட்டார்: "நீ அந்த மெட்டை ஏன் நிறுத்தின?"

"நான் எங்கங்க நிறுத்தினேன்?" வாய் தவறி வந்துவிட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று காலைகூட முணுமுணுத்திருந்தாள், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அவர் அழுதார். எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மாடியில் ஜன்னல் திறந்தது.

பிறகு கட்டிங் பிளேயரை எடுத்து, வலப்பக்கத்து எட்டு ஒயர்களையும் ஒவ்வொன்றாக வெட்டினார். கடைசிக் கட்டையில் விரலை வைத்தார்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்கலைங்க" என்றாள். அன்று அவள் காதில் பஞ்சு இல்லை.